இரண்டாம் பாகத்தில் அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்

ஓசூர் தொழிற்பேட்டையில் சுவிட்ச் செய்யும் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அந்த உளவாளிப் படம் வந்தது. அதில் கதாநாயகனுக்குச் சமமாக ஒரு பெண் உளவாளி. ஜீப் ஓட்டுவாள், இரும்புப் பெட்டியின் பூட்டைத் திறப்பாள், மலையோரத்தில் வில்லனின் ஆட்களைத் தனியாக மடக்குவாள். கதாநாயகன் மூச்சு வாங்க வந்து சேரும்போது வேலை முடிந்திருக்கும். அவளுக்காகவே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அதற்கு இரண்டாம் பாகம் வருகிறது என்றார்கள். அசெம்பிளி லைனில் என் பக்கத்தில் உட்காரும் தோழி, ஓசூரை அடுத்த தளியில் கன்னடம் பேசும் வீட்டுப் பெண். அவள்தான் கம்பெனி பஸ்ஸில் சினிமாப் பத்திரிகையை விரித்துக் காட்டினாள். அந்தப் பெண் உளவாளிக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் காபி டம்ளர். கீழே, 'உளவாளியின் மனைவியாக' என்று போட்டிருந்தது.

"அய்யோ அக்கா, கட்டிக் குடுத்துட்டாங்களே!"

முன் சீட்டிலிருந்த சூப்பர்வைசர் திரும்பினார். "கல்யாணம் ஆனப்புறம் அவளுக்கு ஜீப்பு என்னாத்துக்கும்மா?"

பஸ்ஸே சிரித்தது. "படம் வரட்டும் சார், பாருங்க," என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. டைரக்டர் வேறு மாறியிருந்தார். இவளை முதல் ரீலிலேயே கொன்றுவிட்டு, கதாநாயகனைப் பழிவாங்க அனுப்பிவிடுவார்களோ என்று பத்திரிகையை வாங்கி மறுபடி பார்த்தேன்.

அப்போது எனக்கும் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் ஓசூருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையே, கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"சாயங்காலம் வர்றாங்க. இன்னிக்கு வாசப்படி தாண்டாதே," என்றாள் அம்மா.

"அதுக்குள்ள வந்துடுவேம்மா," என்று தோழியோடு மதியக் காட்சிக்குக் கிளம்பினேன்.

தியேட்டரில் பெண்களுக்கான டிக்கெட் கவுண்டரைத் திறக்கவே இல்லை. ஆண்கள் வரிசையில் போய் நின்றோம். "இது ஜென்ட்ஸ் லைன்மா," என்றார் ஒருவர். "அப்ப அதைத் தொறக்கச் சொல்லுங்க," என்றேன். தோழி கன்னடத்தில் போட்ட சத்தத்தில் வழி கிடைத்தது.

இடைவேளை வரை படத்தில் அவள் காபிதான் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் புருஷனான கதாநாயகனைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவள் அடுப்பை அணைத்தாள், புடவையை வரிந்து கட்டினாள், ஜீப்பை எடுத்தாள். நான் விசிலடித்தேன். அதற்கு முன் ஒருநாளும் அடித்ததில்லை. காவலுக்கு நின்றவர்களையெல்லாம் அவளே சாய்த்தாள். ஆனால் கடைசியில் அவள் அவன் கட்டுகளை அவிழ்த்துவிட்டதும் வில்லனை அடித்து வீழ்த்தியது புருஷன். இவள் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் கிடைக்காமல் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கம்மா போயிருந்தே?"

"சினிமாவுக்குங்க."

அம்மா முகம் வெளிறியது. மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் ஆவாதும்மா. கம்பெனி வேலையுந்தான். விட்டுடணும்."

படத்தின் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. "வேலையை விடமாட்டேங்க," என்றேன்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். எந்தச் சொல்லும் வரவில்லை. அம்மா பல நாள் என்னிடம் பேசவில்லை. எனக்கு வருத்தமில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பிறகு, வேலையை விடச் சொல்லாத ஒருவரைக் கட்டிக்கொண்டேன்.

அவர்கள் பெண் பார்த்துப் போன கொஞ்ச நாளில், படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்குவதற்கு முன், தோழியை இழுத்துக்கொண்டு இன்னொரு முறை போனேன். திரையில் அவள் காவலுக்கு நின்றவர்களைச் சாய்த்துவிட்டு, புருஷனைக் கட்டிவைத்திருந்த அறைக் கதவை உதைத்துத் திறந்ததும் எழுந்துவிட்டேன்.

"இன்னும் முடியலக்கா!" என்றாள் தோழி.

"எனக்கு முடிஞ்சுது, வா," என்று வெளியே நடந்தேன்.