மூன்றாம் பங்கு

மேல் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் அவள். தெருவுக்கே அவள் இஸ்திரியக்கா. ஒன்பதாவதோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்தபோது, மிச்சப் படிப்பைப் புருஷன் வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்றார்கள். புருஷன் வீட்டில் கிடைத்தது இஸ்திரிப் பெட்டி. இத்தனை வருஷமாக ஊரார் வீட்டுச் சுருக்கமெல்லாம் அவள் கையில்தான் நேராகிறது.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய நாவல் பாடம். தலையணை கனம். மகளும் மூன்று சிநேகிதிகளும் சேர்ந்து ஒரே பிரதியை வாங்கி, பிளேடால் நாலாக அறுத்து, ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். அவரவர் பங்குக்குச் சுருக்கம் எழுதி மாற்றிக்கொள்வது ஏற்பாடு. மகளுக்கு வந்தது மூன்றாம் பங்கு. எழுதி முடித்ததும் அது இஸ்திரி மேசையின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போனது.

ஒரு மதியம் கரண்ட் நின்றது. சும்மா உட்காரத் தெரியாத அக்கா அதை உருவிப் புரட்டினாள். பள்ளிக்கூடப் புத்தகம்தானே, நாலு புத்திமதி இருக்கும் என்றுதான் நினைத்தாள். எடுத்த எடுப்பில் ஒரு நீதிபதியின் மனைவி சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள். நீதிபதி தட்டைப் பார்த்தே பேசினார். உப்பு ஜாஸ்தி. தண்ணீர் எங்கே. கதவைச் சாத்து.

“அட, எந்தக் காலத்து ஆளு! நம்ம வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருக்கே!” தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கரண்ட் வந்தது தெரியவில்லை. துணி தேங்கியது, மூன்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு அந்தத் தாள்களை மேசைக்கடியில் வைக்க மனம் வரவில்லை. மேசை ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டாள்.

பங்கு முடிகிற இடத்தில், அந்த மனைவி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, வாசற்படியில் நிற்கிறாள். வெளியே மழை. அதோடு பிளேடு இறங்கியிருந்தது.

பரீட்சை முடிந்து வந்த மகளை அக்கா செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

“நாலாம் பங்கைக் கேட்டியாடி?”

“கேட்டேம்மா. அவங்க வீட்ல பழைய பேப்பரோட போட்டுட்டாங்களாம்.”

“பாவிங்களா! புத்தகமா அது, கோழியா, பங்கு போட? அவ போனாளா இல்லையான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல.”

“இதுக்கா இந்தப் பாடு? என் சிநேகிதி எழுதின சுருக்கம் எனக்கு மனப்பாடம். ‘இறுதியில் தலைவி கணவனை மன்னித்து இல்லம் திரும்புகிறாள். பொறுமையே பெண்ணுக்கு அழகு.’ அஞ்சு மார்க். நானும் அதைத்தான் எழுதிட்டு வந்தேன்.”

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“பொய். சாவிய வெச்சவ திரும்ப எடுக்கமாட்டா. உன் சிநேகிதி படிக்காமலே எழுதியிருக்கா.”

“கைடுலயும் அப்படித்தாம்மா இருக்கு.”

“கைடு எழுதினவன் யாரோ ஒருத்தியோட புருஷனா இருப்பான்.”

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“சரி, நீயா இருந்தா? போயிருப்பியாம்மா?”

பக்கத்து அறையிலிருந்து, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவின் குரல் வந்தது. “சட்டை எங்க? எவ்வளவு நேரம் நிக்கிறது?”

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அடுக்கின் மேலிருந்த புருஷனின் டிரைவர் சட்டையை எடுத்தாள். காலரை விரலால் ஒருமுறை நீவிவிட்டாள். பிறகு அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.