பாப்பா கன்னத்துக் கறுப்பு

நான் கூலிம் ஊரில் உள்ள தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறேன். பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்துவேன். காலையில் கால் மணி நேரம் எஞ்சின் சூடேறினால்தான் எனக்குத் திருப்தி. அதற்குள் குளித்து, தேத்தண்ணியும் குடித்துவிடுவேன். புகை போகும் பக்கம்தான் துணிக்கொடி. எங்கள் ஆறு மாதப் பாப்பாவின் தொட்டில் கட்டும் சாரோங் துணி அதில்தான் காயும்.

ஒரு நாள் கிளம்பும்போது தொட்டிலை எட்டிப் பார்த்தேன். கன்னத்தில் கறுப்பு.

"திருஷ்டிப் பொட்டு ஏன் இவ்ளோ பெருசு?" என்று மனைவியிடம் சிரித்தேன்.

"நான் இன்னும் பொட்டே வைக்கலீங்க," என்றாள்.

துடைத்தேன். விரலில் கரி. சாரோங்கைத் தேய்த்துப் பார்த்தால் அதிலும் அதே கரி.

மறுநாள் தடுப்பூசிக்குப் போனபோது கிளினிக் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, "கழுவுனா போயிடும்லா," என்று நானே முடித்தும் வைத்தேன்.

"கன்னத்துல பட்டது போயிடும், அண்ணே. மூச்சுல போனது?" என்றார். டீசல் கரியில் 3-நைட்ரோபென்சாந்த்ரோன் என்றொரு பொருள் ஒட்டியிருக்குமாம். ஆய்வகத்தில் எலிகளின் நுரையீரலில் அது புற்றுநோயை உண்டாக்கியதாம். மனிதருக்கும் வரக்கூடும் என்கிறார்களாம். பாப்பாவின் நெஞ்சைச் சோதித்து, "இப்போ ஒண்ணும் இல்ல," என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது பஸ்ஸை வீடுகள் இல்லாத பெரிய ரோட்டோரம் நிறுத்துகிறேன். எஞ்சினைப் போட்டு, பிரேக்குக்கு வேண்டிய காற்று ஏறியதும் சில நிமிடத்திலேயே கிளம்பிவிடுகிறேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பாப்பாவுக்குப் பொட்டும் நானே வைக்கிறேன், வலது கன்னத்தில் ஒன்றே ஒன்று. அதைத் தவிர அவள்மேல் எங்கே கறுப்பு தெரிந்தாலும், அது என் பஸ் வைத்த பொட்டு.