நார்மல் அக்கா

ஊசி உள்ளே போவதற்கு முன்பே அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடும். "நார்மல்." இன்னும் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லையே என்று யாராவது கேட்டால், "உங்க பயத்தச் சொன்னேன். எல்லாரும் இப்படித்தான் கைய இழுப்பாங்க," என்பார்.

கடைத்தெரு மாடியிலுள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்குப் பதினாறு வருட வேலை. வெள்ளைக் கோட்டின் பையில் மூன்று பேனா. அதில் எழுதுவது ஒன்றுதான். அவருடைய பெயர் வருகிறவர்களுக்கு மறந்தே போய்விட்டது. எல்லோருக்கும் அவர் நார்மல் அக்கா.

தண்ணீர் கேட்டால், "சில்லுனு வேணுமா, நார்மலா?" மின்விசிறி கடகடவென்று ஆடினால், "அது நார்மல், தலைல விழாது." மகள் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி வந்த அன்று மட்டும், "இது நார்மலாடி?" என்று குரலை உயர்த்தினார். "எனக்கு நார்மல்தாம்மா," என்றாள் மகள். அக்காவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாததால் அவள் தப்பித்தாள்.

ரிப்போர்ட் விஷயத்தில் மட்டும் அந்தச் சொல்லை அவர் வீணாக்குவதில்லை. எண்கள் சரியாக இருந்தால் தாளை இரண்டாக மடித்து, ஜன்னல் வழியாக நீட்டி, "நார்மல். போய்ட்டு வாங்க," என்பார். சரியில்லை என்றால் கதவைத் திறந்து வெளியே வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்க," என்பார். வழக்கமாக வருகிறவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் யாரும் தாளைப் பார்ப்பதில்லை. கதவைத்தான் பார்ப்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போடுவார். வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவு நூறைத் தொட்டால் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிடுவோம் என்று பணிமனையில் சொல்லியிருந்தார்கள். "அந்தக் கூண்டுக்குள்ள ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாது," என்று ஒரு வாரமாக வீட்டில் புலம்பல்.

உள்ளே அக்கா எண்ணைப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது. நம்பாமல் இயந்திரத்தில் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அதே தொண்ணூற்றொன்பது.

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். கணவரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நார்மல்," என்று மடித்த தாளை நீட்டினார் அக்கா.

"அப்ப வெளிய எதுக்கு வந்த? பாதி உயிர் போச்சு."

"டீ குடிக்க. வாங்க."

பின்னறையில் இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றினார். ஸ்டியரிங் பிழைத்த சந்தோஷத்தில் கணவர் சர்க்கரை டப்பாவுக்குக் கையை நீட்டினார். அக்கா அதை எடுத்து, மூடியை அழுத்தி மூடி, கோட்டுப் பையில் அந்த மூன்று பேனாக்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.