லடாக்: தவறி வந்த கலண்டரும் பங்கோங் ஏரியும்

லடாக் பற்றிய பதிவு என்றால் முதலில் பங்கோங் ஏரியின் படம் இருக்கும். இந்தப் பதிவில் அது இல்லை. மற்றத் தகவல்கள் எல்லாம் சரியாகத் தருகிறேன், படம் இல்லாத காரணத்தையும் போகப் போகச் சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் நானும் மனைவி தவமணியும் மெல்பேணிலிருந்து புறப்பட்டோம். எனக்கு அறுபத்து நான்கு, அவளுக்கு அறுபத்தொன்று. ஸ்பிரிங்வேலில் இருபத்தாறு வருடம் நடத்திய பலசரக்குக் கடையை அதற்கு நான்கு மாதம் முன்புதான் விற்றிருந்தோம். இனி எங்கே போக விருப்பம் என்று கேட்டேன். கனடாவில் இருக்கும் தம்பி வீடு என்பாள் என நினைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு பழைய கலண்டர் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

அந்தப் படத்தின் கதை இது. கடை தொடங்கிய இரண்டாம் வருடம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கச் சிவகாசியில் முந்நூறு கலண்டர் அடிக்கச் சொன்னேன். முருகன் படம் கேட்டிருந்தேன். டிசம்பர் கடைசியில் பெட்டி வந்தது. திறந்தால் கடைப் பெயர் சரி, தொலைபேசி எண் சரி, படம் மட்டும் ஒரு நீல ஏரியும் மொட்டை மலையும். வேறு யாருக்கோ அடித்ததில் எங்கள் பெயரைப் போட்டுவிட்டார்கள். திருப்பி அனுப்ப நேரமில்லை. கொடுத்துப் பார்த்தோம். ஒரு அன்ரி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை எந்தப் பக்கம் மாட்டிக் கும்பிடுறது?” என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். பாதிக்கு மேல் கடையிலேயே கிடந்தது. பாத்திரம் சுற்றிக் கொடுக்க உதவியது.

தவம் மட்டும் ஒன்றைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினாள். வருடம் முடிந்ததும் திகதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டாள். கடை மூன்று முறை இடம் மாறியது, படமும் கூடவே மாறியது. கோதுமை மா வாங்க வந்த வட இந்திய மாணவன் ஒருவன்தான் அது லடாக்கில் இருக்கும் பங்கோங் ஏரி என்று சொன்னான். அதற்குப் பிறகு வியாபாரம் மந்தமான மத்தியானங்களில், “ஒருக்கா அங்க போய்ப் பாக்கவேணும்” என்பாள். “பாப்பம், அடுத்த வருஷம்” என்பேன். சரக்கு வாங்க நான் வருடத்தில் இரண்டு முறை சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் என்று பறப்பேன். அவள் கல்லாவில் நிற்பாள். திரும்பி வந்து, பெட்டி உடைத்துக்கொண்டே நான் கதை சொல்வேன், அவள் கேட்பாள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மெல்பேண் - டெல்லி போய்வர ஆளுக்கு 1,380 டொலர். டெல்லியில் ஒரு இரவு. காலை 6.10 விமானம், 7.30க்கு லடாக்கின் தலைநகர் லே. அந்த டிக்கெட் ஒரு வழிக்கு 7,400 ரூபாய். ஜன்னல் ஓரம் கேளுங்கள், கடைசி அரை மணி நேரம் பனிமலைக்கு மேலேதான் பறக்கும். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர். இறங்கியதும் விமான நிலைய ஒலிபெருக்கியே சொல்கிறது: முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள்.

எனக்கு அது ஹோட்டல்காரருக்கு ஆள் பிடிக்கும் அறிவிப்பு மாதிரித்தான் பட்டது. ஏழு நாள் பயணத்தில் இரண்டு நாள் படுக்கையா? காய்ச்சலோடு கடை திறந்தவன் நான். ஒட்சிசன் குறைந்த உயரம் ஒத்துக்கொள்ள எங்கள் டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைத் தவம் விழுங்கிவிட்டு இரண்டு போர்வைக்குள் போய்விட்டாள்.

“இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஒரு இடமும் போகாதேங்கோ.”

“நீ படு. நான் சும்மா ஒரு சுத்துச் சுத்திப் போட்டு வாறன்.”

சும்மா சுற்றியது இதுதான். முதல் நாள் சாந்தி ஸ்தூபிக்கு ஐந்நூறுக்கு மேல் படி ஏறினேன். மாலை வெயிலில் ஊர் முழுக்கக் கீழே தெரியும், விடக்கூடாத இடம். அங்கிருந்து ஒன்பது மாடி லே அரண்மனை, வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். இரண்டாம் நாள் 19 கிலோமீட்டரில் திக்சே மடம், பிறகு எதிர்த் திசையில் 35 கிலோமீட்டர் போய் சிந்துவும் சன்ஸ்காரும் சேரும் இடம். ஒரு ஆறு பச்சை, மற்றது சேற்று நிறம், சேர்ந்த பிறகும் கொஞ்சத் தூரம் ஒட்டாமல் ஓடுகின்றன. தவம் இரண்டாம் நாள் கடைத்தெரு வரை மெதுவாக நடந்து, உலர்ந்த அப்ரிகொட் அரைக் கிலோ வாங்கி வந்தாள். அது நல்ல சரக்கு. கொட்டையோடு இருப்பதை வாங்குங்கள், கொட்டை எடுத்தது பழசாக இருக்கும்.

மூன்றாம் நாள் இரண்டு பேருமாக எங்கள் ஓட்டுநர் ஸ்டான்சினோடு நூப்ரா பள்ளத்தாக்கு. நாற்பது வயதுக்காரர், லே ஊர்க்காரர், ஆங்கிலம் அளந்துதான் பேசுவார். வாடகை எல்லாம் டாக்சிச் சங்கத்தின் பட்டியல்படி. பேரத்துக்கு இடமே இல்லை, நான் முயன்று பார்த்துவிட்டேன். வழியில் கர்துங் லா கணவாய், லேயிலிருந்து 39 கிலோமீட்டர், உயரம் 5,300 மீட்டருக்கு மேல். ஹுண்டரில் மணல்மேடு, இரண்டு திமில் ஒட்டகம், கால் மணி நேரச் சவாரிக்கு 400 ரூபாய். ஒரு இரவு அங்கே. நான்காம் நாள் திரும்பும்போது கணவாய் உச்சியில் கொடி கட்டிய மேட்டைப் பார்த்ததும் இறங்கினேன்.

“அங்கிள், பத்து நிமிஷம் போதும்,” என்றார் ஸ்டான்சின்.

நாற்பது நிமிடம் நின்றேன். மேட்டிலும் ஏறினேன்.

ஐந்தாம் நாள் காலை தலை பிளந்தது, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, குளியலறைக்கு நடக்கவே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் அறுபத்தெட்டு சதவீதம்தான். நாலு மணி நேரம் ஒட்சிசன் வைத்த பிறகு இளம் பெண் டாக்டர் ஒருவர் சொன்னார்: படுக்கை, தண்ணீர், மேலே ஓரடிகூட ஏறக்கூடாது. ஆறாம் நாள்தான் பங்கோங். போகும் வழியில் சாங் லா, அதுவும் 5,300க்கு மேல். ஏழாம் நாள் விடிய எங்கள் விமானம்.

அறைக்கு வந்ததும் சொன்னேன், “ரெண்டு பேருமா வந்தம், ரெண்டு பேருமாத் திரும்புவம். அடுத்த வருஷம் வருவம்.”

தவம் என் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். “அடுத்த வருஷம் எண்டு எத்தினை தரம் சொன்னனீங்கள்?”

அவள் போகத்தான் போகிறாள் என்று விளங்கியது. “தனியாப் போவியோ?” என்று கேட்டேன்.

“ஸ்டான்சின் இருக்கிறார் தானே.”

கடைக்கும் வீட்டுக்கும் அப்பால் அவள் தனியே போன இடம் எதுவும் என் நினைவில் இல்லை. வெரிபீயில் இருக்கும் மகள் போனில் கத்தினாள்: “அம்மா, ஆர் யூ சீரியஸ்? அங்க நெட்வொர்க்கே இல்லையாம்!”

“பிள்ளை, நீ சின்னனில ட்ரெயின்ல தனியப் பள்ளிக்கூடம் போகேக்க உன்னட்ட என்ன போனோ இருந்தது?”

அதோடு மகள் அடங்கினாள். எல்லைப் பகுதியான பங்கோங்குக்குப் போக வெளிநாட்டவருக்கு வேண்டிய பெர்மிட் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் சேர்த்து இருந்தது. ஒருவர் மட்டும் போகலாமா என்று ஸ்டான்சின் பெர்மிட் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு, சரி என்ற பிறகே முடிவு செய்தோம். விதி மாறிக்கொண்டே இருக்கும், நீங்களும் கேளுங்கள்.

ஆறாம் நாள் காலை 5.30க்குப் புறப்பட்டாள். கைப்பையில் ரொட்டி, மாத்திரை, சுருட்டிய கலண்டர் படம். மாலை ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும். காலை எட்டு மணிக்கே அவள் எண்ணுக்கு அழைத்தேன், போகவில்லை. பிறகும் அழைத்தேன். மலைப்பாதை, மண் சரிவு, அவளுடைய முழங்கால் என்று ஒவ்வொன்றாக வந்தது. சிங்கப்பூரில் வேலை முடிந்து இரண்டு நாள் தாமதமாகக் கூப்பிடும் பழக்கம் எனக்கு இருந்தது. அதை அன்றைக்குப் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். ஆறு ஆகி, ஆறரை ஆனது. டாக்டர் சொன்னதை மறந்து ஜன்னலில் நின்றேன். ஏழு பத்துக்கு வண்டி வந்தது.

முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்து உள்ளே வந்தாள். “சாப்பிட்டீங்களோ?”

“அதை விடு. எப்பிடி இருந்தது?”

“நீங்கள் சிங்கப்பூர் போட்டு வந்து சொல்லுவியள், நான் கேப்பன். இண்டைக்கு நான் சொல்லுறன். குறுக்க கதைக்காமல் கேளுங்கோ.”

இனி வருவது அவள் சொன்னதுதான். பதினொரு மணிக்கு, ஏரி தொடங்கும் லுகுங் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரே கூட்டம், ஹிந்தி சினிமாவில் வந்த மாதிரி மஞ்சள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பவர்கள் வரிசை. தவம் கலண்டரை விரித்துப் பார்த்தாள். மலை பொருந்தவில்லை. ஸ்டான்சினிடம் காட்டினாள். அவர் படத்தையும் எதிர்க் கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆன்டி, இது இங்கிருந்து எடுத்ததில்லை. அந்தப் பழுப்புக் கோடு போட்ட மலை ஸ்பாங்மிக் பக்கம். இன்னும் எட்டுக் கிலோமீட்டர். எண்ணூறு ரூபாய் கூட ஆகும்.”

இவள் ஆயிரத்தைக் கொடுத்து, மிச்சம் வேண்டாம் என்றிருக்கிறாள்.

“விசரே உனக்கு? ஐந்நூறுக்கு முடிச்சிருக்கலாம்!”

“குறுக்க கதைக்கிறியள். நீங்கள் வந்திருந்தா ஐந்நூறுக்குக் கதைச்சுக் கதைச்சே வெயில் போயிருக்கும்.”

ஸ்பாங்மிக்கில் முதலில் மேகம். ஒரு கல்லில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டான்சின் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். பிறகு மேகம் விலகியது. கோடு போட்ட மலை அப்படியே எதிரில்.

“நீலம் எண்டு ஒண்டில்லை. கிட்ட பச்சை, நடுவில மயில் கழுத்து, அங்கால கறுப்பு. அச்சுக்காரன் ஒரு மையில முடிச்சிட்டான். சத்தமும் இல்லை. கடையில ஃப்ரிட்ஜ் மோட்டார் நிண்டா திடீரெண்டு ஒரு அமைதி வருமே, அது மாதிரி. அப்ப நாங்கள் பதறி ஓடுவம். அங்க பதற ஒண்டும் இல்லை. இருந்தன்.”

அவள் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டேன்.

“படம் எடுத்தனியே? காட்டு.”

“எதுக்கு? படம் முதலே எங்களிட்ட இருக்குதே.”

அந்தக் கலண்டர் இப்போது வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்குப் பங்கோங் பற்றி அவள்தான் சொல்கிறாள். எனக்கு நூப்ரா வரைதான் சொல்ல உண்டு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். லேயில் முதல் இரண்டு நாள் படுத்தே இருங்கள், அந்த நாட்கள் வீண் இல்லை. மாத்திரையை மெல்பேணிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கணவாய்களில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். பங்கோங்கைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், ஒரு நாள் கையிருப்பு வேண்டும். உங்கள் ஊர் சிம் அங்கே வேலை செய்யாது, வீட்டில் காத்திருப்பவருக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். லுகுங்கில் நின்றுவிடாமல் ஸ்பாங்மிக் வரை போங்கள். ஓட்டுநர் எண்ணூறு கேட்பார். பேரம் பேசாமல் கொடுங்கள்.