மஞ்சள் கிளிப்

எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கிளிப்புகள் ஒரு நாளும் போதுமானதாக இருந்ததில்லை. பெரியம்மா டஜன் கணக்கில் வாங்குவார். பெரியப்பா அதில் நல்லதாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வண்ண ரிப்பனைக் கட்டி, கண்மாய்க்குக் கொண்டு போய்விடுவார். "சீலை பறந்து அடுத்த வீட்டுக்குப் போகுது, இவுகளுக்குக் கப்பலுக்குக் கிளிப்பு கேக்குதாம்" என்று கொடிக்கு அடியில் நின்று பெரியம்மா புலம்புவது எங்கள் கூட்டுக்குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சுப்ரபாதம்.

பெரியப்பாவுக்குச் சின்னமனூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. வாரத்தில் ஆறு நாள் பம்புசெட்டுகளோடு மல்லுக்கட்டுவார். ஏழாம் நாள் ரிமோட் படகு விடுவார். கடையில் விற்கும் பொம்மைப் படகு இல்லை. என் கை நீளத்துக்குப் பைபரில் உடம்பு செய்து, மோட்டாருக்குத் தானே காயில் சுற்றி, பித்தளைத் தகட்டை வெட்டி அரத்தால் ராவி விசிறி செய்து மாட்டிய படகு. லோயர் கேம்ப்பில் திறந்துவிட்ட அணைத் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்துவிட்டால் மதுரை, திண்டுக்கல், குமுளி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் மடியில் படகை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். படகு கோணலாக ஓடினால் அவரிடம் நீட்டுவார்கள். அவர் அதைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "பின்னால கனம் கூடிப்போச்சு" என்பார். சரி செய்து விட்டால் நேராக ஓடும். அவர்களில் பாதிப் பேரை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டவரே அவர்தான்.

கிளிப் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ரிமோட்டுகளில் அலைவரிசை கொஞ்சம்தான். ஒரே அலைவரிசையில் இரண்டு ரிமோட் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால் தண்ணீரில் இருக்கும் படகுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அதனால் பெரியப்பா கரையில் ஒரு கயிறு கட்டி, அலைவரிசைக்கு ஒரு நிறமாக ஒவ்வொரு கிளிப்பை மாட்டி வைத்தார். உன் நிறத்துக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்ட பிறகே சுவிட்சைத் தொடலாம். ஓட்டி முடித்ததும் திரும்பக் கயிற்றில் மாட்ட வேண்டும். கிளிப் இல்லாமல் சுவிட்சைப் போட்டவன் ஒரு வருடம் படகு விடக்கூடாது. இந்தச் சட்டத்தை ஒரு தகரத்தில் பெயிண்டால் எழுதிப் புங்க மரத்தில் ஆணியடித்து வைத்திருந்தார். பெரியப்பாவின் நிறம் மஞ்சள்.

என் வேலை செல் எண்ணுவது. அவர் ஓட்டி முடித்தவுடன் ரிமோட்டிலிருந்து எட்டுப் பென்சில் செல்லையும் கழற்றி என்னிடம் கொடுப்பார். நான் எண்ணி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவேன். டப்பாவும் ரிமோட்டும் மொபெட்டில் தொங்கும் பைக்குள் போகும். ஒரு நாளும் இது தவறியதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மிதக்கவிட்ட இரண்டு எண்ணெய் டின்களை மூன்று சுற்று சுற்றிவர யார் படகும் பெரியப்பா படகளவு குறைந்த நேரம் எடுத்ததில்லை என்று ஐந்தாம் வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன். என் மதிப்பே அந்தப் படகில்தான் மிதந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குமுளியிலிருந்து ஒருவர் சிவப்புப் படகோடு வந்தார். மலையாளம் கலந்து தமிழ் பேசினார். இரண்டு வருடம் ராப்பகலாக உட்கார்ந்து செய்த முதல் படகாம். குழந்தையைப் போல டவலில் சுற்றி வைத்திருந்தார். அவருடைய அலைவரிசையும் மஞ்சள்தான். பெரியப்பா தன் சுற்றை முடித்து, செல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் கிளிப்பைத் தன் கையாலேயே அவர் சட்டையில் குத்தி அனுப்பினார்.

சிவப்புப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. முதல் சுற்று முடிந்ததும் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த மதுரைக்காரர், "அண்ணே, ஒங்க ரெக்கார்டு போச்சுண்ணே!" என்று கத்தினார். பெரியப்பா கைதட்டினார். கைதட்டினாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மொபெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து எட்டு செல்லையும் ரிமோட்டில் மாட்டினேன். ஏரியலை முழுக்க இழுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். மனதுக்குள் மூன்று வரை எண்ணியிருப்பேன். தூர டின்னைச் சுற்றித் திரும்ப வேண்டிய படகு, திரும்பாமல் அதே வேகத்தில் நேராகப் போய் மடையின் கல்சுவரில் மோதியது. தேங்காய் உடைகிற சத்தம். சிவப்பு மூக்கு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து, பிறகு அதுவும் போய்விட்டது.

சுவிட்சை அணைத்துப் பைக்குள் திணித்துவிட்டு ஓடி வந்து கூட்டத்தில் நின்றுகொண்டேன். செல்லைக் கழற்ற நேரமில்லை. ஏரியல் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எவன்டா கிளிப் இல்லாம சுவிட்சப் போட்டது?" என்று ஆளாளுக்குச் சத்தம். குமுளிக்காரர் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். பெரியப்பா மொபெட்டை நோக்கி நடந்தார். எனக்கு மூத்திரம் முட்டியது.

அவர் முதுகு எங்கள் பக்கம். பையைத் திறந்து பார்த்தார். பிறகு ஏரியலை மடக்கி, செல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத் திரும்பி வந்தார்.

"நாந்தேன். ஆஃப் பண்ண மறந்து வச்சுப்புட்டேன்."

"சாரமில்லண்ணே, போனாப் போகட்டும்" என்றார் தண்ணீருக்குள் இருந்த குமுளிக்காரர். மதுரைக்காரர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "விடுங்கண்ணே, நீங்க எழுதுன சட்டம் ஒங்களுக்கேவா?"

"எனக்குஞ் சேத்துத்தேன் எழுதிருக்கு" என்றார் பெரியப்பா. தன் படகின் மோட்டாரைக் கழற்றிக் குமுளிக்காரர் கையில் கொடுத்தார். உடைந்த படகைச் சேர்த்து ஒட்டுகிற வேலை இரண்டு மாதம் எங்கள் பட்டறையிலேயே நடந்தது.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் போய்விட்டது, நான் தப்பித்தேன். இவ்வளவுதான் நினைத்தேன். செல்லை எண்ணி மூடியது நான் என்பதும், எடுத்துக் கொடுத்தது அவர் என்பதும், இதில் மறப்பதற்கு எதுவுமே இல்லை என்பதும் அந்த மண்டைக்கு எட்டவில்லை.

அந்த வருடம் முழுக்க அவர் படகு இல்லாமல் கண்மாய்க்கு வந்தார். கயிற்றடியில் ஸ்டூல் போட்டு உட்காருவார். என்னைக் கிளிப்புக்குப் பொறுப்பாக்கிவிட்டார். பல் டாக்டரும் பேங்க் மேனேஜரும் என் முன்னால் வந்து, "ஆத்தா, அந்தப் பச்சையக் கொஞ்சம் குடு" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குக் கலெக்டர் ஆனது மாதிரி இருந்தது. ஒட்டுப்போட்ட சிவப்புப் படகுக்கும் நான்தான் மஞ்சள் கிளிப்பைக் கொடுத்தேன். பெரியப்பாவின் சாதனையை அது உடைத்தது. அன்று நானும் கைதட்டினேன்.

அன்று மொபெட்டில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வரும்போது, "பெரியப்பா, அன்னைக்கு அந்த ரிமோட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"காத்துல ஒண்ணுங் கேக்கல ஆத்தா. வீட்டுல போய்ச் சொல்லு" என்றார். வீட்டில் போய் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வருடம் முடிந்த ஞாயிறு, புதிதாக மோட்டார் சுற்றி மாட்டிய படகை அவர் இறக்கினார். மஞ்சள் கிளிப்பை நான் குத்திவிட்டேன். முதல் டின்னை ஒழுங்காகச் சுற்றிய படகு, தூர டின்னைத் தாண்டிப் போய்க் கரையில் ஏறி நின்றது. அவர் சிரித்தார். "அங்கன போனா தண்ணியும் படகும் ஒண்ணாத் தெரியுது." பழக்கம் விட்டுப்போனதால்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் விளக்கம் கொடுத்தேன். அதன்பின் அவர் ரிமோட்டைத் தொடவில்லை. பிறர் படகுகளைக் கையால் தடவிப் பார்த்தே எங்கே கனம் கூடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், கடைசி வரை.

போன மாதம் பெரியப்பா இறந்துபோனார். மதுரையிலிருந்தும் குமுளியிலிருந்தும் வந்தவர்கள் சட்டைப் பையில் ஆளுக்கொரு வண்ணக் கிளிப்பைக் குத்தியிருந்தார்கள். இப்போது வரும் ரிமோட்டுகளுக்குக் கிளிப் தேவையே இல்லை. சொந்தக்காரர்கள் அது ஏதோ கட்சி பேட்ஜ் என்று நினைத்து யோசனையோடு பார்த்தார்கள்.

எல்லோரும் போன பிறகு பெரியம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டே சொன்னார்: "சக்கர வியாதி கண்ணுல எறங்கிருச்சு, ஒரு வருசத்துக்கு நல்லாத் தெரியும், அதுக்கு மேல எங்க கையில இல்லன்னு மதுரையில டாக்டரு சொன்னாக. ஆசதீரப் படகு விடுங்கன்னு நானே கிளிப்பு எடுத்துக் குடுத்தேன். அந்த வருசம் பாத்துத்தேன் இந்த மனுசன் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாக. ஏன்னு கேட்டா சிரிப்பாக."

நான் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை, செல் எண்ணியதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பெரியம்மா கையிலிருந்த துணியை வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். "அதேன் ஒன்னய அந்த வருசம் பூராம் பக்கத்துலயே வச்சுக்கிட்டாகளா?" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு மட்டும் இல்லை, அதன்பின்னும் என்னை நம்பிக் கயிற்றடியில் நிறுத்தியதற்கும் அவருக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது ஞாயிற்றுக்கிழமை அந்த மஞ்சள் கிளிப் என் கையில்தான் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கித் தூர டின்னையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் விடுகிற படகை வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன்.