யந்திரத்தின் நெற்றியில் சந்தனம்

அந்த மஞ்சள் பொட்டு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. புளியங்கொட்டை அளவு சந்தனம், நடுவில் ஒரு துளி குங்குமம். ஜெர்மனியில், ஹம் நகரில் நான் வேலை செய்த பட்டறையில், ஜப்பான்காரருக்காகச் செய்த இரும்புக் கை ஒன்றின் கண்ணாடியில் அது காய்ந்து ஒட்டியிருந்தது. வைத்தவர் யார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சொந்தமில்லை, அகதியாக வந்த காலத்தில் ஒரே அறையில் இருந்த பழக்கம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் யுத்தம், ஷெல்லடி ஓயாத நேரம். அவருடைய மனைவியும் மகளும் அதற்குள் அகப்பட்டிருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பிக்க அவர் போட்ட விண்ணப்பம் அந்தப் பட்டறை வேலையை நம்பித்தான் நின்றது. வேலை போனால் அதுவும் போய்விடும்.

ஆயுத பூசை அன்று, ஊரில் செய்வதுபோல, எல்லா மெசினுக்கும் சந்தனம் வைத்துவிட்டுத்தான் அண்ணை வீட்டுக்குப் போவார். அந்த வருடம் புதிதாக நின்ற இரும்புக் கையையும் அவர் விடவில்லை. "புதுசா வந்தவரை விட்டா குறை நினைப்பாரடா" என்றார். எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்னால் வட்டமாக ஒரு கண்ணாடி தெரிந்தது. அதுதான் நெற்றி என்று எண்ணி வைத்துவிட்டார். உண்மையில், கை எவ்வளவு தூரம் நீண்டது என்று பார்க்கிற ஒளிக்கண் அது.

மறுநாள் காலை, கையைச் சோதிக்க வந்திருந்த ஜப்பான் எஞ்சினியர் பொத்தானை அமுக்க, கை ஓர் இரும்பு உருளையை ஏந்திக்கொண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. பிறகு அசையவேயில்லை. பொட்டைக் கண்டுபிடித்த எங்கள் மைஸ்டர், பட்டறையின் பொறுப்பாளர், முகம் சிவந்து "எவனுடைய விளையாட்டு இது?" என்று ஜெர்மனில் கத்தினார்.

"தம்பி, சொல்லட்டோ?" என்றார் அண்ணை என் காதுக்குள்.

"பேசாமல் நில்லுங்கோ அண்ணை."

"ஏலாதடா. சாமியெண்டு வச்சதை வைக்கேல்லை எண்டு சொல்லுறதோ?"

கையை உயர்த்திக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவருக்கு ஜெர்மன் வராது, எனக்கு அரைகுறை. பின்னால் ஓடினேன். பூசை என்பதை எப்படிச் சொல்ல? மெசினைக் காட்டிக் கும்பிட்டேன். "நாளைக்கு மெழுகுதிரியும் கொளுத்துவீர்களோ?" என்றார் மைஸ்டர்.

எஞ்சினியர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். தங்கள் நாட்டிலும் புது யந்திரத்துக்குப் பூசாரியை அழைத்து, உப்பும் அரிசி மதுவும் வைத்து வணங்குவதுண்டு என்று தட்டுத் தடுமாறி ஜெர்மனில் சொன்னார். மைஸ்டர் அடங்கினார். எனக்கு மூச்சு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அந்த எஞ்சினியர் மனுசன் சந்தோசத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் படம் கீறிக் காட்டத் தொடங்கினார். அதுவரை, அது நிலக்கரிச் சுரங்கத்துக்கான கை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் கீறியதோ சங்கிலியில் ஓடும் வண்டி. முன்னால் எஞ்சின், பின்னால் பெரிய கூண்டு, அதிலிருந்து நீளமான குழாய். படையாட்களை ஏற்றும் வேறொரு வண்டியின் உடலை நீட்டிச் செய்கிறார்களாம். பழைய வண்டியில் குழாயைத் தாழ்த்தித்தான் குண்டு ஏற்ற வேண்டுமாம். இதில் குழாய் எந்தச் சரிவில் நின்றாலும் இந்தக் கை தானாகவே தள்ளிவிடுமாம்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"ஷெல்லடிக்கிற வண்டி அண்ணை. இந்தக் கைதான் ஷெல்லை உள்ளுக்குத் தள்ளுமாம்."

அவர் முகம் வெளிறிப்போனது. அந்த நேரம் பார்த்து எஞ்சினியர், கண்ணாடிக்குத் தள்ளி ஓர் இடத்தைத் தொட்டுக்காட்டி, குனிந்து வணங்கி, மறுபடி சந்தனம் வைக்கச் சொன்னார். மைஸ்டர் அண்ணையையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியும் பிள்ளையும் வர வேண்டுமென்றால் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் தலைக்குமேல் விழுகிற மாதிரிச் சாமானை அடிக்கிற யந்திரத்துக்கு எப்படிப் பொட்டு வைப்பது? சந்தன டப்பாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நானும் கடவுளே, கடவுளே என்று நின்றேன்.

கடைசியில் வைத்தார். கண்ணை மூடி, வாய்விட்டே கேட்டார்: "பிள்ளையாரப்பா, இது நல்லா ஓடட்டும். ஆனா ஒரு சனத்துக்கு மேலயும் சுடாமல் கிடக்கட்டும்."

என்ன வேண்டினார் என்று எஞ்சினியர் என்னைக் கேட்டார். பொய் நாக்கு நுனிவரை வந்தது. சாமிக்குச் சொன்னதை மாற்றிச் சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். எஞ்சினியர் தான் கீறிய படத்தையே வெகுநேரம் பார்த்தார். "என் அம்மாவும் சாமியிடம் இதைத்தான் கேட்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். கை தடையில்லாமல் போய்த் திரும்பியது.

அண்ணையின் குடும்பம் பிறகு வந்து சேர்ந்தது. இப்போது கெல்சென்கிர்ச்சனில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அண்மையில் என் மகன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினான். பனிக்குள், எஞ்சினியர் அன்று கீறிய அதே வண்டி. உள்ளே இருப்பது எங்கள் கையோ, வேறு கையோ, எனக்குத் தெரியாது. "இது இன்னும் ஒரு சண்டைக்கும் போகேல்லையாம் அப்பா" என்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே அண்ணைக்குப் போன் அடித்து, "பிள்ளையார் கேட்டிட்டார் அண்ணை!" என்றேன்.

"இன்னும் எண்டுதானேடா சொல்லுறாய்" என்றார். "அப்ப நான் வெள்ளிக்கிழமையில பிள்ளையாரிட்டக் கேக்கிறதை நிப்பாட்டேலாது."