ஒரு தொட்டி கடலு

எங்க சித்தப்பா இப்ப தூத்துக்குடிப் பக்கம் கடலோரமா இருக்காருங்க. போன் பண்ணுனா நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டாரு. "மலை மேல மழையா சாமி?" இதுதான் மொத வார்த்தை. இங்க வெயில் மண்டையப் பொளந்தாலும் நான், "ஆமாங்க சித்தப்பா, பனி எறங்கி எதுத்த ஊடு தெரியல"ன்னு அடிச்சு உடுவேன். "இன்னொருக்காச் சொல்லு"ம்பாரு. நான் சொல்ற பொய்யில இந்த ஒண்ணுக்கு மட்டும் எங்கம்மா திட்டறதில்லைங்க.

அவரு போர் போடற ரிக் வண்டியில வேலைக்குப் போனவரு. கடலோரத்துல ஒரு ஊர்ல எவ்வளவு ஆழம் எறக்கியும் உப்புத்தண்ணிதான் வந்துச்சாம். நல்ல தண்ணி தேடிப் போன மனுசன், திரும்பி வாரப்ப எங்க சித்தியக் கூட்டிக்கிட்டு வந்தாரு. சித்தி ஊட்டுல எல்லாரும் மீன் புடிக்கறவங்க. அவங்களுக்கு இதுல இஷ்டமே இல்ல. நான் அப்ப நாலாவது படிச்சேன். படிச்சேன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான்.

சித்தி பேச்சே வேற மாதிரி இருக்கும். "ஏல, இங்க வால"ன்னு கூப்புட்டாங்கன்னா நாங்க பசங்கெல்லாம் உருண்டு உருண்டு சிரிப்போம். சாயங்காலமானா, ரோடு திரும்பற எடத்துல ஒரு பாறை இருக்குதுங்க, கீழ்நாடெல்லாம் தெரியும், அங்க போயி நின்னுக்குவாங்க. நான் பின்னாடியே போயி, "ஏனுங்க சித்தி, கடல் தெரியுதுங்களா?"ம்பேன். "தெரியுதுல. உனக்குத்தான் கண்ணு நொள்ளை"ம்பாங்க. எவ்வளவு உத்துப் பாத்தாலும் எனக்குக் காடும் செல்போன் டவரும்தான் தெரிஞ்சுது.

வர வர சித்தி சரியாவே சாப்புடல. சித்தப்பா வேலைக்குப் போறதையே உட்டுட்டாரு. திரும்பி வாரப்ப ஊட்டுல அவங்க இருப்பாங்களா மாட்டாங்களான்னு அவருக்குப் பயம். ஒரு நாள் அம்மாகிட்ட, "அண்ணி, அவளக் கடலுக்குக் கூட்டிப்போனா அங்கயே நின்னுக்குவா. கடல இங்க கொண்டாந்துட்டா?"ன்னாரு.

"லாரி வெச்சா தம்பி?"ன்னாங்க அம்மா.

லாரியெல்லாம் வெக்கல. சேலத்துல மீன் தொட்டி விக்கற கடைக்கு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாரு. கண்ணாடித் தொட்டி, காத்து ஊதற மோட்டாரு, கடல் மீனுக்குன்னே தனியா விக்கற உப்புத்தூளு, எல்லாம் வாங்குனோம். மலை ஏறற பஸ்ல, வளைவுக்கு வளைவு ஆடிக்கிட்டு, தொட்டியக் கம்பளியில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு மனுசன் மூச்சு உடாம ஒக்காந்திருந்தாரு. கண்டக்டரு, "அதுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?"ன்னாரு. "மடிக் கொழந்தைக்கெல்லாம் டிக்கெட் இல்லீங்க"ன்னேன் நான்.

இத்தனை கொடம் தண்ணிக்கு இத்தனை டம்ளர் உப்புன்னு கடைக்காரரு சொல்லி உட்டிருந்தாரு. சித்தப்பா எண்ணி எண்ணிக் கொட்ட, நான் பக்கத்துல நின்னு "எட்டு, முப்பது, மூணு"ன்னு கத்த, கணக்கு போயே போச்சு. முதுகுல ஒண்ணு விழுந்துச்சு.

அது வரைக்கும் சித்தி கதவுக்கிட்டதான் நின்னாங்க. கிட்ட வந்து ஒரு வெரலத் தொட்டியில முக்கி நாக்குல வெச்சாங்க. "இன்னும் போடுங்க." போட்டாரு, கலக்குனாரு. மறுபடி வெரலு. "இன்னும்." சித்தப்பாவுக்கு வேர்த்து ஊத்துது. அப்புறம் ஒரு தடவை வெரல வாயில வெச்சவங்க எடுக்கவே இல்ல. கண்ண மூடிக்கிட்டாங்க. சித்தப்பா டம்ளரக் கையில புடிச்சுக்கிட்டு, "போதுமா?"ன்னாரு. தலைய மட்டும் ஆட்டுனாங்க.

மீன உடனே உடக் கூடாது, ஒரு மாசம் வெறுந்தண்ணியா ஓடட்டும், அப்பத்தான் தண்ணி பக்குவப்படும்ன்னு கடைக்காரரு கண்டிசனாச் சொல்லியிருந்தாரு. ஊரே வந்து பாத்துட்டு, "மீனு எங்கீங்க?"ன்னு கேட்டுச்சு. "உள்ளதான் இருக்குது, கண்ணாடி மீனு, பாவம் பண்ணவங்களுக்குத் தெரியாது"ன்னு நான் சொல்ல, ஒரு பெரியவரு தெரியுதுன்னே சொல்லிட்டாருங்க. கரண்டு போனா மோட்டாரு நின்னுரும். அப்ப பப்பாளித் தண்ட உள்ள உட்டு நான்தான் ஊதோணும். கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிப் போச்சு.

சித்தி பாறைக்குப் போறத நிறுத்திட்டாங்க. தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டு வந்து தொட்டிக்கு முன்னாடி ஒக்காந்துக்குவாங்க. சோறும் நல்லா எறங்குச்சு.

"மீனே இல்லாத தொட்டியில என்னத்தச் சித்தி பாக்கறீங்க?"

"பாக்கலல. நீ வாய மூடுனா கேக்கும்."

கேட்டுப் பாத்தேன். மோட்டாரு தண்ணிக்குள்ள கொடகொடன்னுச்சு, வேற ஒண்ணையும் காணோம்.

மாசம் முடிஞ்சு ரெண்டு மீனு வந்துச்சு. ஆரஞ்சுக் கலருல வெள்ளைப் பட்டை போட்டது. சித்தப்பாவுக்குத் தல கால் புரியல. ரிக் வண்டியில ஒரு பழக்கங்க. போர்ல தண்ணி வந்துட்டா அந்த ஊட்டுக்காரங்க பாலும் மஞ்சளும் ஊத்திக் கும்புடுவாங்க. எத்தனையோ ஊட்டுல அதப் பாத்தவரு, தன்னோட ஊட்டுல தண்ணிக்குச் செய்யாம உடுவாரா? சூடம் பத்த வெச்சு, ஒரு சொம்புப் பால மஞ்சளக் கலக்கித் தொட்டியில ஊத்துனாரு. நாங்கெல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டோம்.

காலையில ரெண்டு மீனும் ஒருசாஞ்சு மெதந்துச்சு. சித்தப்பா தலையில கை வெச்சு ஒக்காந்துட்டாரு. சித்தி அழுவாங்கன்னு எல்லாரும் அவங்க மூஞ்சியப் பாத்தா, "மீனு போனாப் போவுது. தண்ணியக் கொட்டிராதீங்க"ன்னாங்க, அவ்வளவுதான். கெட்டுப்போன தண்ணிய வெச்சு என்ன பண்ணப் போறாங்கன்னு எங்களுக்குப் புரியல.

நாளாக நாளாக நாத்தம் தாங்கல. எங்கம்மா நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணுனாங்க. சித்தி ஓடைக்குத் துணி தொவைக்கப் போன நேரமாப் பாத்து, தண்ணிய மொண்டு மொண்டு மொளகுக் கொடி அடியில ஊத்திட்டு, தொட்டியப் பளபளன்னு தேச்சுக் கவுத்து வெச்சாங்க. "வரட்டும், சந்தோசப்படுவா"ன்னாங்க.

சித்தி துணி மூட்டையோட வந்து ஈர மண்ணப் பாத்தாங்க. குனிஞ்சு அந்த மண்ண ஒரு வெரலால தொட்டு நாக்குல வெச்சாங்க. அப்புறம் மண்ணத் துப்பிட்டு, துணியக் கொடியில காயப் போடப் போயிட்டாங்க.

கொஞ்ச நாள்ல மொளகுக் கொடி காஞ்சுது. அதுக்கு முன்னாடியே சித்தி பொட்டி கட்டிட்டாங்க. தடுக்கறதுக்குன்னு போன சித்தப்பா, வெளிய வந்து அப்பாகிட்ட, "நானும் வாரேன்னு சொல்லிட்டேனுங்கண்ணா"ன்னாரு. "உன்ற காட்ட யாரு பாக்கறது?"ன்னாரு அப்பா. சித்தப்பா உள்ள போயித் தன்னோட துணியையும் மடிக்க ஆரம்பிச்சாரு.

எனக்கா, ரெண்டு மீனுக்காக ஊட்ட உட்டு யாராச்சும் போவாங்களான்னு கோவம். ஓடையில எறங்கி, துண்டு போட்டு நாலஞ்சு சல்லி மீனப் புடிச்சு, பாட்டல்ல போட்டு எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஜன்னல் வழியா நீட்டினேன்.

"சித்தி, இதுகள உங்க கடல்ல உட்டுருங்க. அங்க எடம் நெறைய இருக்குமில்ல, நல்லாப் பெருசாகும்."

சித்தி பாட்டல வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. "ஓடை மீனுக்கு உப்புத்தண்ணி ஆகாதுல"ன்னாங்க. சொல்லிட்டுப் பக்கத்துல ஒக்காந்திருந்த சித்தப்பாவையே பாத்தாங்க. அவரு, மடியில கெடந்த கையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பாட்டல எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க. பஸ்ஸு கெளம்பிருச்சு.

மீனப் பத்திப் பேசறப்ப சித்தப்பாவ எதுக்கு அப்புடிப் பாக்கோணும், அவரென்ன மீனான்னு நெனச்சுக்கிட்டே, சாகறதுக்குள்ள அதுகளத் தண்ணியில உடோணும்ன்னு ஓடைக்கு ஓடினேன்.